தொப்பி போட்டவர் மட்டும் பப்ளிஷ் செய்யலாம்

எங்கள் செங்கல்பட்டு அலுவலகத்தில் ஒரு சிவப்புத் தொப்பி உண்டு. அதைப் போட்டிருப்பவர் மட்டும்தான் பப்ளிஷ் பொத்தானை அழுத்தலாம். கேட்டால் சிரிப்பீர்கள். சேர்ந்த புதிதில் நானும் சிரித்தேன்.

கடற்கரையோரம் மூன்று விடுதிகள் நடத்தும் கம்பெனி எங்களுடையது. புக்கிங், சாப்பாட்டு பில் எல்லாம் ஒரே டேட்டா மாடலில், அதாவது கணக்குகளைக் கோத்து வைக்கும் ஒரே இடத்தில், வந்து சேரும். முதலாளி பார்க்கும் ரிப்போர்ட் அதிலிருந்துதான் வரும். அந்த மாடலில் கை வைக்கிறவர்கள் இரண்டே பேர், நானும் பக்கத்து இருக்கைத் தம்பியும். யார் சேவ் செய்தாலும் ஒரே வரைவில்தான் போய் விழும். ஒருவர் பப்ளிஷ் கொடுத்தால் மற்றவரின் அரைகுறை வேலையும் கூடவே வெளியே போய்விடும். ஒருமுறை அப்படிப் போய், இருவரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு வந்ததுதான் தொப்பி.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கடப்பாக்கம் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்கா போன் செய்தார். அவருடைய சமையல்கூடத்தை மூடுவதா வேண்டாமா என்று அன்று மதியம் முதலாளி முடிவு செய்யப்போகிறார். மூடினால் அங்கே சமைக்கும் பெண்களுக்கு வேலை போய்விடும். ரிப்போர்ட்டைப் பார்த்தால் சாப்பிட ஆளே இல்லை. ஆனால் அங்கே வருகிறவர்கள் பக்கத்திலிருக்கும் பழைய கோட்டையைச் சுற்றிவிட்டு, மீன் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, அறை எடுக்காமல் வீட்டுக்குப் போகிறவர்கள். எங்கள் மாடலோ அறை எண் இல்லாத சாப்பாட்டு பில்லைக் கணக்கிலேயே சேர்க்காது. அக்கா சொல்லி, முந்தின நாளே அதைச் சரிசெய்து சேவ் செய்திருந்தேன்.

"இன்னாம்மா, சரி பண்ணிட்டேன்னு சொன்ன. என் போன்ல அதே பழைய நம்பர்தான கீது?"

"சேவ் பண்ணிட்டேன்க்கா. இன்னும் பப்ளிஷ் பண்ணல."

"ரெண்டும் ஒண்ணு இல்லியா?"

"கொழம்பு கொதிச்சாச்சு, எலையில ஊத்தல. அவ்ளோதான்."

"அப்போ ஊத்தேன். கரண்டிய வச்சுகினு எதுக்கு நிக்கிற?"

நியாயமான கேள்வி. திரும்பிப் பார்த்தால் தொப்பியைக் காணோம். மாமல்லபுரம் விடுதிக்குக் கிளம்பிய தம்பி அதைத் தலையில் மாட்டிக்கொண்டே போய்விட்டான். போகிறவன் வேலையையாவது முடித்துவிட்டுப் போனானா? மாடலில் விடுதிப் பெயர்களைப் பாதி மாற்றி, அப்படியே சேவ் செய்திருந்தான். இந்த நிலையில் பப்ளிஷ் செய்தால் கடப்பாக்கம் என்ற ஊரே ரிப்போர்ட்டில் இருக்காது. எங்கெங்கே கை வைத்தான் என்பதும் அவனுக்குத்தான் தெரியும். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் எதிரில் இல்லாதது அவன் அதிர்ஷ்டம். போனில் பிடித்தேன்.

"எங்கடா கீற?"

"பஸ்லக்கா. திருக்கழுக்குன்றம் வந்துகினு கீது."

"தலையில இன்னா கீது?"

தலையைத் தடவிப் பார்த்திருப்பான். "ஐயோ," என்றான்.

"எறங்கு."

இறங்கினான், பாவம். டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து, தன் மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு சேவ் செய்தான். அத்தோடு விட்டானா? தொப்பியைக் கழற்றி டீ மாஸ்டர் தலையில் வைத்து, போட்டோ எடுத்து அனுப்பினான். கீழே ஒரு வரி: "கழட்டிட்டேன்க்கா, இனிமே உன் பாடு." திட்ட வாயெடுத்தவள் சிரித்துத் தொலைத்தேன். பப்ளிஷ் கொடுத்தேன். ரிப்போர்ட் வரைபடத்தில் கடப்பாக்கத்துச் சாப்பாட்டுப் பட்டை விறுவிறுவென்று உயர்ந்தது.

அன்று மதியம் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. கூட்டம் முடிந்திருக்கும் என்று தோன்றியதும் நானே அக்காவை அழைத்தேன்.

"மொதலாளி இன்னா சொன்னாருக்கா?"

அக்கா போனை எடுத்தார், ஆனால் பேச்சு என்னோடு இல்லை. "நாளைக்கு சனிக்கெழம, கூட்டம் வரும். கரையில மீனுக்கு சொல்லி வையி," என்று உள்ளே யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்போ நாங்க நாளைக்கும் வர்றதாக்கா?" என்று ஒரு பெண்குரல் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"வராம, வூட்ல இன்னா பண்ணப் போற?" என்றார் அக்கா.