சோப்பக்கா காதில் விழுந்த சொல்

பாத்திரத்தின் மூடியைத் திறந்து, ஆவி முகத்தில் அடிக்க, "இது சூப்பு. குடிக்கிறது" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டுதான் சோப்பக்கா முதல் கிண்ணத்தை நிரப்புகிறார்.

ஆஸ்பத்திரி வார்டில் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர். காலில் மாவுக்கட்டோடு ஒன்பது நாள் படுத்துக் கிடந்த எனக்கு, அவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஐம்பது வயது இருக்கும். வண்டியின் ஒரு சக்கரம் இடது பக்கமே இழுக்கும். இடுப்பால் ஓர் இடி கொடுத்து நேராக்குவார். எந்தக் கட்டிலுக்கு என்ன சாப்பாடு என்பதைப் பேனாவால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எழுதி வைத்திருப்பார். காகிதத்தில் எழுதினால் குழம்பு சிந்தி அழிந்துவிடுமாம்.

பெயர்க் காரணம் அவரே சொன்னது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நோயாளி குளியலறைக்குள்ளிருந்து சோப் கேட்டிருக்கிறார். அக்கா சுடச்சுட சூப்போடு போய்க் கதவைத் தட்டினார். "குளிக்கறப்ப சூப்பு எதுக்குன்னு எனக்கும் தோணுச்சு தம்பி. பெரிய மனுசங்க பழக்கமோ என்னமோன்னு விட்டுட்டேன்."

அந்த வார்டில் எல்லாரும் பாதி ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். அந்தப் பாதிதான் அக்காவுக்குச் சிக்கல். ஒரு தடவை டாக்டர், "ஆறாம் நம்பரை வெயிட் பண்ணச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போக, அக்கா அந்த நோயாளியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போய் எடை மெஷினில் ஏற்றி, "அறுபத்தெட்டு சார்" என்று ஓடிப்போய்ச் சொன்னார். ஒருநாள் என் கட்டிலில் சாய்ந்து நின்று கேட்டார்:

"ஒருத்தர் ரொம்ப வீக்குங்கறாங்க. இன்னொருத்தர் ஒரு வீக் இருக்கணுங்கறாங்க. காலு வீங்கினா அது வேற வீக்கம். எதைத்தான் தம்பி நான் பிடிச்சுக்கறது?"

"எழுதினா வித்தியாசம் தெரியும்க்கா."

"அவங்க எழுதியா காட்டறாங்க? வாயாலதானே சொல்றாங்க?"



ஐந்தாம் நாள் மத்தியானம் அது நடந்தது. எனக்கு எதிரே ஒன்பதாம் கட்டில். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். நெஞ்சு வலி என்று வந்திருந்தார். காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் ஸ்கேனுக்குக் கொண்டு போயிருந்தார்கள். அவர் மனைவி காலிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, அவருடைய சட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா வண்டியோடு உள்ளே நுழைந்தார். டெஸ்கில் புது நர்ஸ். ஒரு காதில் போன், வாயில் முகக்கவசம். அக்காவைப் பார்த்துக் கையை ஆட்டி, அவசரமாகச் சொன்னார்:

"நைன் டைட். சாப்பாடு ஸ்டாப்."

டயட் என்ற சொல் அக்காவுக்குத் தெரியாததல்ல. ஆனால் பழைய நர்ஸ்கள் அதை நிறுத்தி, 'டயட் சாப்பாடு' என்று சேர்த்துச் சொல்வார்கள். இந்தப் புது நர்ஸ் விழுங்கிச் சொன்னார். சத்தியமாக, என் காதிலும் 'டைடு', அதாவது செத்துப் போனார் என்ற அந்த இன்னொரு ஆங்கிலச் சொல்தான் விழுந்தது. எழுந்து கேட்கக் கால் இல்லை. சரியாகத்தான் கேட்டேனா என்று எனக்கே குழப்பம்.

அக்கா வண்டியைப் பிடித்தபடி நின்றார். கட்டிலைப் பார்த்தார். காலி. முழங்கையில் 'ஒன்பது' என்று எழுதியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டார். பிறகு ஒரு தட்டை எடுத்து, வழக்கத்தைவிட அதிகமாகச் சோறு வைத்து, அந்த அம்மாவிடம் கொண்டு போனார்.

"சாப்பிடும்மா."

"அவர் வரட்டும்க்கா. அவருக்குக் குடுத்துட்டு நான் அப்புறமா..."

"இல்லம்மா. நீ இப்பவே சாப்பிடு. அப்புறம் உன்னால முடியாது."

"ஏன் முடியாது?"

அக்கா சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அந்த அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தார், காலிக் கட்டிலைப் பார்த்தார். மடித்த சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. போனைப் போட்டுவிட்டு நர்ஸ் ஓடி வந்து, "என்ன ஆச்சு? யாருக்கு என்ன ஆச்சு?" என்று எல்லாரையும் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டாம் நம்பர்காரர் என்ன ஏதென்று தெரியாமலே அழ ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு சக்கர நாற்காலி வந்தது. வேன்காரர் மனைவியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"பசியில உயிர் போவுது. என் சோத்தை எடுத்து வச்சிக்கிட்டு நீ ஏன்டி அழுவுற?"

அந்த அம்மா எழுந்து முதலில் அக்காவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு அதே தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விடவே இல்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் வந்தார். "உசுரோட இருக்கற ஆளைச் சாகடிச்சிருக்கீங்க. உங்களைச் சமையல்கட்டுல பாத்திரம் கழுவத்தான் போடணும். நம்பர் நைன் போயிட்டார்னே நெனச்சீங்கன்னு வச்சுக்குவோம். நர்ஸைக் கேக்காம அந்தம்மாவுக்குச் சோறு போடச் சொன்னது யாரு?"

அக்கா தரையைப் பார்த்துச் சொன்னார்: "எங்க வீட்டுக்காரர் போனப்ப ரெண்டு நாள் ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி குடுக்கல சார். சேதி வர்றதுக்கு முன்னாடி அந்தம்மா ரெண்டு வாய் சாப்பிட்டுக்கட்டுமேன்னு..."

சூப்பர்வைசர் பேனாவை மூடினார். ஒன்பதாம் கட்டில் அம்மா குறுக்கே வந்து, "அவங்களே வண்டி தள்ளட்டும் சார்" என்றார். சூப்பர்வைசர் சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அக்கா என்னிடம் வந்தார். "அந்த ரெண்டு வார்த்தையையும் ஒரு தடவை சொல்லுங்க தம்பி." சொன்னேன். "இன்னொரு தடவை." நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டார். "முதல்ல சொன்னது சாப்பாடா, சாவா?" நாலைந்து முறை மாற்றி மாற்றிச் சொன்னதில் எனக்கே நாக்குக் குழறிவிட்டது.

மறுநாள் மத்தியானம் வண்டி வந்தது. "நைனுக்கு டயட் சாப்பாடு" என்று நர்ஸ் முகக்கவசத்தை இறக்கி, எழுத்து எழுத்தாகச் சொன்னார். அக்கா தலையாட்டினார். வேன்காரர் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு குனிந்தார். மற்றக் கையின் புறங்கையை அவர் மூக்கருகே கொண்டுபோய், மூச்சு இரண்டு தடவை சுடும் வரை காத்திருந்துவிட்டு, தட்டைச் சத்தமில்லாமல் மேஜையில் வைத்தார்.