அடித்தாளில் இருந்தவள்

செங்கல்பட்டில் ஒரு கடையில் பில் போட்டபோது கார்பன் தாளின் வாசனை மூக்கில் ஏறியது.

எழுபதுகளில், கோவளத்தில், அத்தா கடையில் கழித்துப்போட்ட கார்பன் தாள்களை வைத்துத்தான் என் அக்கா நசீமா படக்கதை போடுவாள். உலகைக் காக்கும் நாலு வீரர்கள். அக்காவும் தம்பிகள் நாங்கள் மூவரும். பென்சிலை அழுத்தி ஒரே தடவையில் நாலு பிரதி. வெளிறிப்போன அடித்தாளை எப்போதும் அவளே எடுத்துக்கொள்வாள்.

"இதுல உன் மூஞ்சியே தெரியலக்கா."

"அவ மறைஞ்சு நிக்கறவ. அதான்டா அவ சக்தி."

ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் அக்கா போய்விட்டாள். வீட்டில் அவள் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. அந்த அடித்தாள்தான். இப்போது அதுவும் வெறும் பழுப்பு. விரலால் தடவினால் மட்டும் கண்ணும் மூக்கும் தட்டுப்படும்.

கடைக்காரர் நீட்டிய பில்லைப் படிக்காமல், கண்ணை மூடித் தடவிக்கொண்டு நின்றேன்.

"இன்னா சார் தேடறீங்க? எல்லாம் சரியாத்தான் கீது."