சூரியனுக்கு வியாழக்கிழமை லீவா?

நடந்தவை, வரிசையாக:

1. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் மொட்டை மாடி முழுக்க சோலார் பேனல் போட்டார்கள்.
2. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில் ஓடின. மாதாந்திரப் பராமரிப்புத் தொகை குறைந்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.
3. இனித் தேவையில்லை என்று டீசல் ஜெனரேட்டரை விற்றார்கள். அந்த இடத்தில் ஸ்கூட்டர்கள் நின்றன.
4. ஒரு வியாழக்கிழமை, நல்ல வெயிலில், மின்சாரம் போய் அப்பாவின் ஆக்ஸிஜன் மெஷின் நின்றது.

அப்பா புனேயின் ஆகுர்டியில் ஒரு வாகனத் தொழிற்சாலையின் வார்ப்படப் பிரிவில் வேலை பார்த்தவர். மணல் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு, மூக்கில் குழாயும் கட்டிலருகே மெஷினுமாக நான்காவது மாடியில் இருந்தார். சாப்பிடவும் குளிக்கவும் குழாயைக் கழற்றுவார். புனேயில் வியாழன் என்றால் மின்பராமரிப்பு நாள். போன மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வீட்டு இன்வெர்ட்டர் கொஞ்ச நேரம் தாங்கும். மிச்ச நேரத்தை ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டது.

நான் மின்பொறியாளர். ஹிஞ்சேவாடியில் வேலை. ஜெனரேட்டரை விற்பது பற்றிக் கூடிய கூட்டத்தில் எழுந்து இந்தியில் சொன்னேன்: வெளியே மின்சாரம் போனால் நம் பேனல்களும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவர் மேல் நம் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பாட்டரி இருந்தால்தான் தனியாக ஓடும். நம்மிடம் பாட்டரி இல்லை.

செயலாளர், அப்பா வயதுக்காரர், சிரித்துக்கொண்டே கேட்டார்: "க்யா பேட்டா, சூரஜ் கோ பீ குருவார் கீ சுட்டி ஹை?" சூரியனுக்கும் வியாழக்கிழமை லீவா என்று. கூட்டமே சிரித்தது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், டீசல் கம்பெனி மே ஷேர் ஹை க்யா?" என்றார். டீசல் கம்பெனியில் எனக்குப் பங்கு இருக்கிறதா என்று. இன்னும் பலமாகச் சிரித்தார்கள். கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. அவசரத்துக்கு ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் வாங்கி வீட்டில் வைத்தோம்.

அந்த வியாழக்கிழமை அம்மா அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

"கரண்டு போயி ரொம்ப நேரமாச்சு பாப்பா. இன்வெர்ட்டரு கீ கீங்குது."

"சிலிண்டரைத் திறந்தியாம்மா?"

"போன வாரம் கரண்டு போனப்பவே பாதி போயிருச்சுல்ல. இப்ப முள்ளு சிவப்புக்கு வந்துருச்சு."

புது சிலிண்டருக்குச் சொல்லிவிட்டு கேப் ஏறினேன். பாலத்தடியில் வண்டிகள் நகரவில்லை. சிலிண்டர்காரர் எனக்கு முன்பே வந்துவிட்டார், லிஃப்ட் ஓடவில்லை. தோளில் வைத்து, மாடிக்கு மாடி இறக்கி வைத்து மூச்சு வாங்கி, ஏறியிருக்கிறார். நான் படியேறி வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் உதடும் நகங்களும் நீலமாக இருந்தன. ஜன்னல் வழியாகக் கட்டில் வரைக்கும் வெயில் அடித்தது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த அப்பா, அரை அரை வார்த்தையாகச் சொன்னார்: "மாடி பூரா... கரண்டு காயுது. என் மூக்குக்கு மட்டும்... வரல பாத்தியா."

சிரிக்க முயன்றார். இருமல் வந்துவிட்டது. நுரையீரல் இழந்த அளவு திரும்பாது என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

செயலாளர் பழங்களோடு வந்தார். கட்டிலருகே நின்று, "ஹமே க்யா பதா தா, பேட்டா," என்றார். எங்களுக்கு என்ன தெரியும் என்று. அவர் பொய் சொல்லவில்லை. நான் சொன்னது அவர் காதில் விழுந்தது. வெயில் அடிக்கும்போது சோலார் ஓடாது என்பதை அவரால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான். திட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா ஒரு ஆப்பிளை நறுக்கி அவருக்கே தட்டில் வைத்தாள்.

பாட்டரி வைப்பதற்கு நானே வரைபடம் போட்டு, தீர்மானம் எழுதிக் கொடுத்தேன். கூட்டத்துக்குப் போதுமான பேர் வரவில்லை. மறுபடி கூட்டினார்கள், அதற்கும் வரவில்லை. பேனல்கள் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. படிக்கட்டில் என்னைப் பார்த்தால் குரலைத் தாழ்த்துகிறார்கள், அப்பாவை விசாரிக்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

இன்றைய நிலவரம்: அப்பாவால் இப்போது சாப்பிடும்போதுகூடக் குழாயைக் கழற்ற முடியவில்லை. தரைத்தள வீடு தேடுகிறோம். அவரை இப்போது இடம் மாற்ற வேண்டாம் என்கிறார் டாக்டர். பாட்டரி தீர்மானம் அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதுவரை அப்பா இருப்பார் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.