பதினோரு வாரம் என் மேசையில் கிடந்த கடிதம்

ஒரு மனிதர் சிறையில் பட்ட துன்பத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் நான். இதை முதலிலேயே பட்டென்று சொல்லிவிடுவது நல்லது. சுற்றி வளைத்தால் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்துக்கொண்டுவிடுவேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

தொண்ணூறுகளின் நடுவில் துபாயில், ஜெபல் அலி பக்கம், கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். அதற்கு முன்னால் மதுரையில் ஒரு கல்லூரியில் பதினாறு வருடம் வரலாறு நடத்தியவன். விட்டுவிட்டு வந்ததற்கு எல்லாரும் சொல்லும் காரணம்தான்.

யார்டில் என்னிடம் இரண்டு சாவிகள் இருந்தன. ஒன்று முந்நூறு பேருடைய பாஸ்போர்ட்டுகள் இருந்த இரும்பு அலமாரிக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்றே பாஸ்போர்ட்டைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளும். லீவில் போகும்போதுதான் கைக்கு வரும். இன்னொரு சாவி தபால் பெட்டிக்கு. அந்த ஊரில் தபால்காரர் வாசலுக்கு வருவதில்லை. கம்பெனிக்கு ஒரு பெட்டி எண் உண்டு. எல்லாருடைய கடிதமும் அந்த ஒரே பெட்டியில்தான் விழும். சனியும் செவ்வாயும் நானே தபால் நிலையத்துக்குப் போய் அள்ளிக்கொண்டு வந்து, பெயர் பார்த்துப் பிரித்துக் கொடுப்பேன். டிரைவரிடம் விட்டிருக்கலாம். விடவில்லை. கடிதம் வாங்க வருகிறவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழிலாளர் கேம்புக்குப் போவேன். மெஸ்ஸில் பிரியாணி முடிந்திருக்கும். எனக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். பாரம் நிரப்புவது, இங்கிலீஷ் கடிதங்களுக்கு அர்த்தம் சொல்வது, எழுதத் தெரியாத ஓரிருவருக்கு வீட்டுக்கு எழுதிக் கொடுப்பது. இதெல்லாம் முடிந்த பிறகு உலக விஷயம் பேசுவேன். ராமநாதபுரத்துக் கடலோரத்துக்காரர்கள், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்கள், நாற்பது ஐம்பது பேர் உட்கார்ந்து கேட்பார்கள். கல்லூரியில்கூட அப்படி ஒருவரும் கேட்டதில்லை. மற்ற ஆறு நாளையும் நான் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் ஓட்டினேன்.

அந்த வருடம் பழைய சரக்குக் கப்பல் ஒன்று யார்டுக்கு வந்தது. வந்த இடத்திலேயே கை மாறியது. மாலுமிகள் ஊர் திரும்பினார்கள். இன்ஜின் ஃபிட்டர் ஒருவரை மட்டும் எங்கள் கம்பெனி வைத்துக்கொண்டது. அறுபதைத் தாண்டியவர். அந்தக் காலத்து இன்ஜின்களை அவரைப்போல் அறிந்தவர் எங்களிடம் யாரும் இல்லை. ஒல்லியான உடம்பு, பனிக்கட்டி நிறத்தில் கண்கள். தனி ரூம் கொடுக்கிறோம் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கேம்பிலேயே தங்கினார். எல்லாரும் அவரைப் பாபா என்று கூப்பிட்டார்கள். கப்பல்களில் இந்திய மாலுமிகளிடம் பழகிக் கற்ற இந்தியும் உடைந்த ஆங்கிலமும் கலந்து பேசுவார். யாராவது ரஷ்யாக்காரர் என்றால் விரலை ஆட்டி, "ரஷ்யா மாஃபி. எஸ்தோனியா," என்பார். மாஃபி என்றால் அந்த ஊர் அரபியில் இல்லை என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் சொல்வார். அப்படி ஒரு நாடு இருப்பது வரலாறு நடத்திய எனக்கே வரைபடத்தில் ஒரு சின்னத் துண்டாகத்தான் தெரியும்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இளம் வயதில் மாஸ்கோவிலிருந்து வந்த தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன் நான். கெட்டி அட்டை, வழுவழுத் தாள், கையில் இருக்கும் சில்லறைக்கே கிடைக்கும். அவற்றில் இருந்ததைத்தான் வகுப்பில் சொன்னேன். கேம்பிலும் அதைத்தான் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ராமநாதபுரத்து வெல்டர் ஒருவர் கேட்டார்: "சார், அம்மாம் பெரிய ரஷ்யா எப்பிடி சார் துண்டு துண்டாப் போச்சு?"

அரை மணி நேரம் விளக்கினேன். கைதிகள் முகாம், கட்டாய உழைப்பு, பட்டினிச் சாவு என்பதெல்லாம் பெரும்பாலும் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கியவை என்று முடித்தேன். பக்கத்துப் பெஞ்சில் எங்கள் ஃபோர்மன், கடற்கரை ஊர்க்கார பாய் ஒருவர், நான் பேசப் பேசப் பாபாவுக்கு இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். பாபா டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் ஏதோ சொன்னார்.

"சார், பாபா அங்க இருந்தாராம்," என்றார் ஃபோர்மன்.

"எங்கே?"

"அதான் சார், நீங்க இல்லேன்னு சொன்னீங்களே, அந்த எடத்துல."

மெஸ் முழுதும் சிரித்தது. "சாரு புஸ்தகத்துல பாத்தாரு, பாபா நேர்ல பாத்தாரு. யாருய்யா சீனியரு?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். நானும் சிரித்து வைத்தேன்.

அன்று அவர் கொஞ்சம்தான் சொன்னார். பதினெட்டு வயது, பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம். ரஷ்யா பிடித்துக்கொண்ட பிறகு தடை செய்யப்பட்ட தங்கள் நாட்டுப் பழைய கொடியை நாலு பேர் சேர்ந்து ஒரு புகைபோக்கியின் மேல் ஏற்றியிருக்கிறார்கள். பத்து வருடத் தண்டனை. வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். தள்ளிய கரிக்குத் தகுந்தாற்போல் ரொட்டி. வீட்டுக்கு வருடத்துக்கு இரண்டு கடிதம். சர்வாதிகாரி செத்த பிறகு ஏழாம் வருடத்தில் விட்டார்கள்.

"எங்களுக்கு வெயிலு, ஒங்களுக்குப் பனி. அம்புட்டுதான பாபா," என்று வெல்டர் சொன்னதை ஃபோர்மன் மொழிபெயர்த்தபோது பாபா தலையை ஆட்டினார். "இல்லை. உங்களுக்கு லீவு உண்டு. வீட்டுக்குக் கடிதம் போடலாம். இது வேறு, அது வேறு."

அடுத்த வாரங்களில் என் நாற்காலி அங்கேயேதான் இருந்தது. ஆட்கள்தான் பெஞ்சுப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். பாரத்தோடு வருகிறவன்கூட, "சார், கொஞ்சம் இருங்க, பாபா சொல்லி முடிச்சுரட்டும்," என்பான். நான் இருந்தேன். கேட்டுக்கொண்டும் இருந்தேன். ஒரு சொல் பெரிதுபடுத்தாமல் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரம். நான் பதினாறு வருடம் கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கி நடத்தியும் வராதது, அந்த ஆள் ரொட்டியின் எடையைச் சொன்னதுமே வந்துவிட்டது. எனக்கும் அப்படி ஒரு துன்பம் வாய்த்திருக்கக்கூடாதா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். இதைவிடக் கேவலமாக நான் எதையும் நினைத்ததில்லை.

என் மனைவி அவரை ஒரு முறை சாப்பிடக் கூப்பிடச் சொன்னாள். வந்தார். ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். அவள் தன் ஆங்கிலத்தில் என்னென்னவோ கேட்டாள். அவரும் பொறுமையாகப் பதில் சொன்னார். அவர் போன பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என்னங்க, இருபத்தஞ்சு வருஷமா உங்ககிட்ட கேட்டுக்கிட்டு இருக்கேன். வரலாறுன்னா இப்படித்தான் இருக்கும்னு ஒரு நாளாவது சொன்னீங்களா?"

"தட்டை எடு," என்றேன்.

அவருக்கு ஒரு நண்பர் இருந்தார். முகாமில் ஒரே படுக்கைப் பலகையில் படுத்தவர். பாபாவுக்கு நெஞ்சுச் சளிக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்த பன்னிரண்டு நாள், அந்த நண்பர் தான் தள்ளிய வண்டிகளில் பாதியை இவர் பெயரில் எழுதச் சொல்லி, இவருக்கும் ரொட்டி வரும்படி செய்திருக்கிறார். விடுதலைக்குப் பிறகு ஒருவருக்கொருவர் எழுதப் பயந்து, தொடர்பே அற்றுப்போனது. ரஷ்யாவிடமிருந்து எஸ்தோனியா சுதந்திரம் அடைந்த பிறகு, முன்னாள் கைதிகள் நடத்திய ஒரு சங்கத்தின் மூலம் விலாசம் கிடைத்தது. கரித்தூள் அரித்த நுரையீரல், உடம்பு மோசம் என்றும் தெரிந்தது. பாபா கடிதம் எழுதினார். என்னிடம்தான் தபால்தலை வாங்கினார்.

"நேரே போய்விடலாமே," என்று ஃபோர்மன் சொன்னதற்கு, "சில பேர் மறக்க நினைப்பார்கள். என் முகத்தைப் பார்த்தால் அவனுக்கு அதெல்லாம் திரும்ப வரும். அவன் வா என்று எழுதினால்தான் போவேன்," என்றார். என்னைப் பார்த்து, "பதில் வந்த மறுநாள் லீவு பாரம் கொடுப்பேன், சார். ரெடியாக இருங்கள்," என்றார். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல வழியில்லை.

பிப்ரவரி முதல் வாரம், ஒரு சனிக்கிழமை அந்தக் கடிதம் வந்தது. நீல நிற உறை, நடுங்கும் கையெழுத்து. முந்தின நாள் வெள்ளிக்கிழமை மெஸ்ஸில் நான் பேச ஆரம்பித்து ஐந்து நிமிடத்தில் ஒருவன் கொட்டாவி விட்டு, "பாபா எப்ப வருவாரு?" என்று கேட்டிருந்தான். கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டேன். செவ்வாய் வரைக்கும் காத்திருக்கட்டுமே என்றுதான் நினைத்தேன். அவ்வளவுதான் திட்டம்.

செவ்வாயன்று பாபா வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எனக்கு?"

"மாஃபி," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். எனக்குள் ஒரு இனிப்பு இறங்கியது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அந்தச் சனி, அடுத்த செவ்வாய், அதற்கடுத்த சனி என்று அவர் வந்தார். நான் அதே சொல்லைச் சொன்னேன். மூன்றாவது வாரத்தில் இனிப்பு போய்விட்டது, பயம் வந்துவிட்டது. இப்போது கொடுத்தால் ஏன் தாமதம் என்ற கேள்வி வரும். ஒவ்வொரு நாள் தள்ளும்போதும் அந்தக் கேள்வி பெரிதானது. வெள்ளிக்கிழமைகளில் அவர் பேச்சுக் குறைந்தது. "அவனுக்கு நான் வேண்டாம் போலிருக்கிறது," என்று ஃபோர்மனிடம் சொல்லியிருக்கிறார். அவர்கள் மறுபடியும் என் பக்கம் திரும்பினார்கள். நான் மறுபடியும் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

ஏப்ரல் கடைசியில் இரண்டாவது கடிதம் வந்தது. அதே ஊர் முத்திரை, வேறு கையெழுத்து. இழுப்பறையிலிருந்து முதல் கடிதத்தையும் எடுத்தேன். அவரைக் கூப்பிட்டு அனுப்பி, இரண்டையும் சேர்த்து நீட்டினேன். "இன்றைக்கு வந்தது," என்றேன்.

அவர் உடனே பிரிக்கவில்லை. இரண்டு உறைகளையும் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். எங்கள் தபால் நிலையத்தில் வந்து சேர்ந்த தேதியை உறையின் முதுகில் குத்துவார்கள். பன்னிரண்டு வருடம் அந்தப் பெட்டியைத் திறந்த எனக்கு அது தோன்றவே இல்லை. கடிதம் எப்போது வந்தது, எங்கே கிடந்தது என்று உறையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது, வருடத்துக்கு இரண்டே கடிதம் பார்த்தவருக்குக் கை வந்த வேலை.

நின்றபடியே இரண்டையும் படித்தார். முதலாவது நண்பர் எழுதியது. சீக்கிரம் வா, ஆப்பரேஷனுக்கு முன்னால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்ததை அவரே சொன்னார். இரண்டாவது அந்த நண்பரின் மகள் எழுதியது. அதில் இருந்ததை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொன்னார்: "மார்ச்சில் போய்விட்டான்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலை உயர்த்தாமல் கேட்டார்: "அங்கே கடிதத்தை நிறுத்தி வைக்க ஓர் ஆள் இருந்தான். அது அவன் வேலை. நிறுத்தாவிட்டால் அவனைப் பிடித்து உள்ளே போடுவார்கள். உங்களை நிறுத்தி வைக்கச் சொன்னது யார்?"

அந்த நேரம் ஃபோர்மன் உள்ளே வந்துவிட்டார். பாபா கையிலிருந்த உறைகளைப் பார்த்து முகம் மலர்ந்து, "அட, வந்துருச்சா? ஏன் பாபா இம்புட்டு லேட்டு?" என்றார்.

பாபா என்னைப் பார்க்கவில்லை. "போஸ்ட் ஆபீஸ் கராப்," என்றார்.

"அத ஏன் கேக்குறீங்க! ஏன் சார், இவனுக ரொம்ப மோசமாயிட்டானுகல்ல?"

"ஆமா பாய், ரொம்ப மோசம்," என்றேன். என் வாயாலேயே சொன்னேன்.

அவர் ஏன் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நன்றியாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. இல்லை. இதிலும் அவர்தான் பெரிய மனிதர் ஆகிவிட்டார் என்று தோன்றியது. அன்றும் பொறாமைதான். அது கரைந்து வெறும் வெட்கமாக மாற எனக்குப் பல வருடம் ஆனது.

நாலு நாள் கழித்து லீவு பாரம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் நண்பனின் கல்லறை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். திரும்பி வருவீர்களா என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். வரவில்லை.

பாஸ்போர்ட் வாங்க அவர் வருகிற நாளுக்காக ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். வீட்டில் குளியலறையில் நின்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்திருந்தேன். நான்தான் வைத்திருந்தேன், என்னை மன்னியுங்கள். அவ்வளவுதான் வாக்கியம். பதினாறு வருடம் பேசிச் சம்பாதித்தவனுக்கு அது ஒன்றும் பெரிய காரியமில்லை.

அவர் வந்தார். அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் பக்கங்களைப் புரட்டி விசாவைச் சரிபார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவசரப்படாமல், நேரம் கொடுத்துத்தான் பார்த்தார்.

நான் ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பினேன். "இங்கே ஒரு கையெழுத்து," என்றேன்.

போட்டார். பேனாவை மூடி என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.