எட்டாவது உறை

"கடவுச்சொல்லை அதன் உரிமையாளர் மட்டுமே அறிந்திருத்தல் வேண்டும், பிறர் எவருக்கும் அதனைத் தெரிவித்தல் கூடாது." சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகம் 2006இல் ஆசிரியர்களுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுத்தது. அப்போது வந்த சுற்றறிக்கையின் நான்காவது பத்தி இது. நான் வரலாற்றுத் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளர். சுற்றறிக்கையைச் சுற்றுக்கு விட்டு எட்டு ஆசிரியர்களிடமும் கையெழுத்து வாங்கினேன். அத்துடன் விதியின் வேலை முடிந்தது.

1. உறைகள்

பாஸ்வேர்டுகள் ஒட்டிய உறைகளில், "அந்தரங்கம்" என்ற முத்திரையுடன் வந்தன. துறைத் தலைவர் தம் உறையைப் பிரிக்காமலே என் பக்கம் தள்ளினார்.

"இத நீங்களே வச்சுக்குங்க சார்."

"சார், பாரா நாலு..."

"பாரா நாலெல்லாம் கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட்காரனுக்கு. நான் டாக்டரேட் வாங்கினது டைப் அடிக்கிறதுக்கா?"

மாலைக்குள் ஏழு உறைகள் என் மேசைக்கு வந்துவிட்டன. முகலாய நிர்வாகத்தில் நிபுணரான ஒருவர் மட்டும் பிரித்துப் பார்த்திருந்தார். "சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் கலந்து கெடக்குதே, தப்பா அடிச்சா மிஷின் கெட்டுப்போயிடுமா?" என்றார். கெடாது என்றேன். "எதுக்கு வம்பு? நீங்களே அடிங்க."

எட்டாவது உறை தேவசகாயம் சாருடையது. அவர் அதை என்னிடம் தரவில்லை, பிரிக்கவும் இல்லை. மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என்ன போட்டிருக்குன்னு பாத்தீங்களா சார்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதானே ரூல்? நான் எனக்கே சொல்லிக்கல."

2. ஒரு ஜோடி செருப்பு

துறையில் ஏ.சி. உள்ள ஒரே அறை கணினிக்குத்தான். செருப்பை வெளியே விட வேண்டும். ஆசிரியர்கள் வாசல்வரை வந்து, "ஏதாவது வந்திருக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். உள்ளே வந்தால் எதையாவது தொடச் சொல்லிவிடுவேனோ என்ற எச்சரிக்கை.

துறைக் கூட்டம் என்றால் தலைவர் வாயால் சொல்வார். நான் தலைவராகி மற்ற ஏழு பேருக்கும் அறிவிப்பு அனுப்புவேன். பிறகு உறை தந்த மற்ற ஆறு பேராகவும் ஒவ்வொருவராக மாறி அதைப் படித்துப் பதில் போடுவேன். எல்லாரும் ஒரே மாதிரி எழுதினால் நன்றாக இராது என்று ஒருவருக்கு "அவசியம் வருகிறேன்", மற்றவருக்கு "கலந்துகொள்வேன்". மீண்டும் தலைவராகி அவற்றைப் பெற்று, பிரிண்ட் எடுத்துக் கோப்பில் சேர்ப்பேன். நாளெல்லாம் ஒரு துறையே பேசிக்கொண்டிருக்கும். வாசலில் என் செருப்பு மட்டும் கிடக்கும்.

எங்கள் துறை மின்னஞ்சலை நன்றாகப் பயன்படுத்துகிறது என்று நிர்வாகத்திலிருந்து பாராட்டு வந்தது. கூடவே, தேவசகாயம் சார் ஒன்றுக்கும் பதில் தரவில்லை என்று ஒரு குறிப்பும். தலைவர் கூட்டத்தில் அதைப் படித்தார்.

"மத்த ஆறு பேர் ஒழுங்கா பதில் போடுறாங்க. நீங்க மட்டும் ஏன் சார் டிபார்ட்மெண்ட் பேரைக் கெடுக்குறீங்க?"

அந்த ஆறு பேரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். தேவசகாயம் சார் என்னைப் பார்த்தார். மறுநாள் அவருக்கு மெமோ போனது. அதை டைப் செய்தது நான்தான். அந்த வேலைக்கு வேறு யார் இருந்தார்கள்?

3. பேருந்து

எனக்கு வீடு திருப்பாதிரிப்புலியூர். அவருக்கு முதுநகர். காலையில் நான் முதலில் ஏறிப் பக்கத்து இருக்கையில் கைக்குட்டை போட்டு வைப்பேன். முதுநகரில் அவர் ஏறுவார். தொழிற்பேட்டை நாற்றம் தாண்டும்வரை இருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அதன்பின் சிதம்பரம்வரை விடாமல் பேசுவோம். பல வருடப் பழக்கம். எனக்குச் சிநேகிதர் என்று சொல்ல வேறு ஒருவர் இருந்ததில்லை.

மெமோ போன மறுநாள் ஏறினார். உட்காரவில்லை.

"மத்த ஏழு பேரும் நீங்கதானே சார்?"

"நீங்களும் குடுத்திருந்தா உங்களுக்கும் நானே எழுதியிருப்பேன். மெமோ வந்திருக்காது."

"அதுக்குத்தான் குடுக்கல. வர்றேன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. எம் பேர்ல பேச எதுக்கு இன்னொரு ஆளு?"

"இடம் போட்டிருக்கேன், ஒக்காருங்க சார்."

"அதுல மொகலாயரை ஒக்கார வைங்க."

காலி இருக்கைக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம்வரை நின்று வந்தார். அடுத்த நாளிலிருந்து வேறு பேருந்து. நான் ஓய்வு பெற்ற அன்று வந்து மாலை போட்டார், பேசவில்லை.

4. ஓய்வுக்குப் பின்

2010இல் ஓய்வு. மனைவி அதற்கு முன்பே போய்விட்டாள். நாள் நீளமாக இருந்தது. சன்னதித் தெருவுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஏழு பேருக்கும் எழுதினேன். அன்று பிற்பகலே ஏழு பதில்கள் வந்தன. ஏழிலும் ஒரே வாசகம், ஒரே எழுத்துப்பிழை. என் இடத்துக்கு வந்தவர் சொல்லை மாற்றும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

தேவசகாயம் சாருக்குத் தனியாக எழுதினேன். "நலமா? மெமோ விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. பேச வேண்டும்." முதுநகர் பக்கம்தான், நேரில் போயிருக்கலாம். அவர் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் நின்றால் என்ன செய்வது என்று தயங்கினேன். யாரும் திறக்காத பெட்டிக்கு எழுதுவதில் அந்தப் பயம் இல்லை. வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். ஒன்றும் வந்திருக்காது.

பேராசிரியர்கள் கணினிக்குப் பயந்தார்கள் என்று இப்போது ஆய்வு செய்கிறவர்கள் சொல்கிறார்கள். பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்கிறேன்: பயம் கொஞ்சம்தான். அது கீழே இருப்பவன் செய்யும் வேலை என்ற எண்ணமே அதிகம். தேவசகாயம் சாருக்கும் அந்த எண்ணம் உண்டு. ஆனால் டைப் அடிப்பது வேறு, பதில் சொல்வது வேறு என்பது எட்டுப் பேரில் அவருக்குத்தான் தெரிந்திருந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

கடைசியில் ஒரு நாள் அவரிடமிருந்து பதில் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், பாதிச் சொற்களுக்கு இடைவெளி இல்லை: "சார் நான் தேவசகாயம். நானும் ரிட்டயர் ஆவப்போறேன். கவரைப் பிரிச்சிட்டேன். நீங்க எழுதினதப் படிச்சேன். இத அடிக்கவே மத்தியானம் ஆயிடுச்சு. ஞாயித்துக்கெழம வீட்ல இருங்க, பூசை முடிஞ்சதும் வர்றேன். இதுல திட்ட முடியல."

பதில் வரப்பெற்ற நாள்: 18.8.2011, பிற்பகல்.