நெல் சங்கத்து லூர்துமேரி அக்கா

புதுவயலில் ஒரு ரைஸ் மில் வாசலில் என் நெல்லோடு வரிசையில் நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. மில் இரைச்சலில் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. லாரிக்குப் பின்னால் ஒதுங்கிப் போய், "சத்தமாச் சொல்லுப்பா" என்றேன். லூர்துமேரி அக்காவின் மகன் அந்தோணி இன்னொரு முறை சொன்னான். "அம்மா போயிருச்சு மாமா."

நான் உடனே கிளம்பவில்லை. வரிசையை விட்டால் மறுநாள்தான் முறை வரும். நெல்லை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் போனேன். இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

சங்கத்தில் இருந்த உங்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெளியூர் போய்விட்ட பிள்ளைகள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். தேவகோட்டைக்குப் பக்கத்தில், கண்மாயை நம்பி ஒரே போகம் விளைகிற நம் நான்கு ஊர்ச் சிறு விவசாயிகளைச் சேர்த்து நெல் விற்பனைச் சங்கம் தொடங்கியவர் அவர். கணவர் இறந்த பிறகு ஒன்றரை ஏக்கரைத் தனியாளாகப் பார்த்தவர். அவர் தலைவர், நான் செயலாளர்.

சங்கம் ஓர் அவமானத்தில் பிறந்தது. அக்கா தன் நெல்லை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போனார். அங்கிருந்தவர் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்து, ஈரம் என்று சொல்லிவிட்டார். ஈரம் பார்க்கிற மிஷினில் வைத்துப் பார்க்கச் சொன்னார் அக்கா. "நாலு மூட்டைக்கெல்லாம் மிஷின் எடுக்க முடியாதும்மா" என்று பதில் வந்தது. திரும்பி வருகிற வழியில் என் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினார்.

"தம்பி, நாலு மூட்டையோட போனா மனுசியாவே மதிக்க மாட்டேங்கிறாக. நாப்பது பேரு ஒண்ணாப் போவோம். அப்ப எந்திரிச்சு வாராகளா இல்லையான்னு பாப்போம்."

அடுத்த அறுவடைக்குப் போனோம். டிராக்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மில்லுக்குள் நுழைந்ததும் மேனேஜரே வெளியே வந்தார். அக்காவுக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். அக்கா உட்காரவில்லை. "இவுக எல்லாருக்கும் நாக்காலி இருந்தா நானும் உக்காருறேன். இல்லாட்டி நின்னுக்கிட்டே பேசுவோம்" என்றார். நின்றுகொண்டே பேசினோம். மிஷினும் வந்தது, கேட்ட விலையும் வந்தது. வருகிற வழியில் காரைக்குடியில் வண்டிகளை நிறுத்தி டீ குடித்தோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம், யாரும் யாரையும் கேட்கவில்லை. சங்கத்தின் நல்ல நாள் என்று எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

மூன்றாம் வருடம் மில்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் விலையைக் குறைத்துச் சொன்னார்கள். சரியான விலை வரும்வரை யாரும் விற்பதில்லை என்று கூட்டத்தில் முடிவு செய்தோம். தேவகோட்டையில் ஓர் ஆச்சி, பூட்டிக் கிடந்த தன் வீட்டின் பின்கட்டை நெல் அடுக்கத் தந்தார். சாவி இரண்டு. ஒன்று அக்காவிடம், ஒன்று என்னிடம்.

அந்த நேரத்தில்தான் என் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. சேர்க்கப் பணம் வேண்டியிருந்தது. சங்கத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அக்கா ஞாயிறு பூசைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, பின்கட்டைத் திறந்து, என் மூட்டைகளை மட்டும் ஏற்றி ஒரு தரகருக்குக் கொடுத்துவிட்டேன். அந்துப்பூச்சி விழுந்துவிட்டது, அதனால் எடுத்தேன் என்று சொல்லப் பொய்யைத் தயாராக வைத்திருந்தேன்.

மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். "பாப்பாவைக் காலேசுல சேத்தாச்சா?" என்றார். "சேத்தாச்சுக்கா" என்றேன். "நல்லாப் படிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். என் பொய்க்கு வேலையே வரவில்லை.

ஆனால் யாரோ நெல்லை எடுத்துவிட்டார்கள் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கூட்டத்தில் ஒருவர், "எடுத்தது யாருன்னு முதல்ல சொல்லுங்க" என்று கத்தினார். அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. "எடுத்தது யாருங்கிறது வேணாம். இருக்கிறத என்ன செய்யலாம், அதச் சொல்லுங்க" என்றார். அந்த வாரத்திலேயே மூட்டைகள் ஒவ்வொன்றாக வெளியேறின. கடைசியில் அக்காவின் மூட்டைகள் மட்டும் மிஞ்சின. ஆச்சியின் மகன் வீட்டை ஹோட்டலாக்கப் போவதாகச் சொல்லிக் காலி செய்யச் சொன்னார். அக்கா வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அந்த நெல் ஒரு பருவம் தப்பிய மழையில் முளைத்துப்போனது. கோழித் தீவனத்துக்குத்தான் போயிற்று.

அப்புறமும் ஒரு கூட்டம் கூட்டினார். அவரும் நானும் இன்னொருவரும்தான் இருந்தோம். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வழக்கம்போல் எல்லோரும் வந்ததாக எழுதிவிடலாமா என்று கேட்டேன். "நடக்காத கூட்டத்த நடந்ததா எழுதாதீக தம்பி. யாரும் வரலைன்னு எழுதுங்க" என்றார். எழுதினேன். தீர்மானப் புத்தகத்தில் அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாகவே இருக்கின்றன.

இறப்பதற்குச் சில நாள் முன்பு சிவகங்கையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரைப் பார்த்தேன். மூன்று வருடம் கழித்து அங்கேதான் சொன்னேன். "அக்கா, அன்னைக்கு முதல்ல நெல்ல எடுத்தது நாந்தேன்."

"தெரியும் தம்பி" என்றார். மூச்சு வாங்கியது. "நீங்களா வந்து சொல்லுவீகன்னு இருந்தேன். கூட்டத்துல எந்திரிச்சு, பிள்ளைக்கு வேணும்னு கேட்டிருந்தீகன்னா, எல்லாருமாச் சேந்து உங்க நெல்ல முதல்ல வித்துக் குடுத்திருப்போம். அதுக்குத்தானே சங்கம்."

"இப்ப ஏதாச்சும் செய்யலாமாக்கா?"

"இப்ப ஒண்ணுமில்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

அடக்கத்துக்கு நாம் எல்லோரும் வந்திருந்தோம். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே இரண்டு மூன்று பேராகப் பிரிந்து நின்று, எந்தத் தரகர் பரவாயில்லை என்று பேசிக்கொண்டிருந்தோம். நானும் பேசினேன். போன வாரம் ஓர் அதிகாரி வந்து, சங்கத்தை மறுபடி தொடங்க ஆள் உண்டா என்று கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அது பொய் இல்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒன்றுதான். அந்த மூன்று வருடமும் என்னைக் கடைவீதியில் பார்க்கும்போதெல்லாம் அக்கா நின்று நலம் விசாரிப்பார். பேச்சு முடிந்த பிறகும் உடனே போகமாட்டார். பையைக் கைமாற்றிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு, "சரி தம்பி, வாரேன்" என்பார். எதற்காக நின்றார் என்று எனக்கு இப்போது தெரியும்.