மிதியில் வைத்த கால்

அன்று சாயங்காலம் டீக்கடையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். கடைக்காரர், பாய்லர் பக்கத்தில். பட்டுக்குச் சாயம் போடுகிறவர். முழங்கை வரை அரக்கு நிறம். கோயில் மடப்பள்ளியில் வேலை செய்கிறவர், கையில் பேப்பர். மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர், வெள்ளை பேண்ட். அப்புறம் நான்.

என் தம்பி அங்கே இல்லை. இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

தம்பி என்றால் சின்னம்மா மகன். இது நடந்தது எழுபத்திரண்டிலோ மூன்றிலோ, சரியாக நினைவில்லை. எங்கள் ஊரில் அவனைப் போல மட்டை பிடித்தவன் கிடையாது. கூரம், மாகறல் பக்கமிருந்தெல்லாம் அவன் ஆட்டம் பார்க்க சைக்கிளில் வருவார்கள். மெட்ராஸில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், கிரிக்கெட் நன்றாக ஆடுகிறவர்களுக்கு வேலை கொடுத்தது. அந்தக் கம்பெனி டீம் மறுநாள் எங்கள் ஊர் டீமோடு ஆட வந்திருந்தது. தம்பி ஐம்பது அடித்தால் வேலை என்று அவர்கள் மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். தறிக்குழியிலிருந்து ஏறி வர அவனுக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

நானும் அதே குழிப் பக்கம்தான். தறி அவனுடையது. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடலை அவன் நெய்வான். வலது கரைக்குத் தனி நாடா, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை. அதைப் போட அவன் வலப்பக்கம் ஒரு ஆள் உட்கார வேண்டும். சின்னப் பசங்கள் செய்கிற வேலை அது. எனக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. மூன்றாவதோடு படிப்பு நின்றது. சொந்தத் தறி போட முடியவில்லை. ஒன்பது வருஷமாக அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் என்னைப் பெரிய பையன் என்று கூப்பிடுவார்கள்.

அவன் குழிக்குள் இருக்கும் மிதியை மிதித்தால் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் மேலும் கீழுமாகப் பிரியும். அந்தச் சந்துக்கு வாய் என்று பெயர். அதில்தான் நாடா ஓடும். நாடா உள்ளே இருக்கும்போது காலை எடுத்தால் வாய் மூடிவிடும், குறுக்கு நூலை அடித்துச் சேர்க்கும் பலகை வந்து மோதும், இழை அறும். சில நாள் என் கை தாமதிக்கும். அவன் கால் மிதியிலேயே இருக்கும். திட்ட மாட்டான். என் நாடா வெளியே வரும்வரை காத்திருப்பான். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவை கூட முன்னால் எடுத்ததில்லை.

மைதானத்திலும் அவனுக்கு அதே கால். பந்து போடுகிறவன் கடைசி எட்டு வைக்கும்போதே இவன் இடது கால் முன்னால் இறங்கிவிடும். இறங்கினால் இறங்கியதுதான். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரே வேகம். பாய் விரித்த பிட்சில் பந்து நேராக அந்தக் காலுக்கு வந்து சேரும். எல்லாரும் அதை அழகு என்றார்கள். தறியில் வந்த பழக்கம் என்று எனக்கு மட்டும் தெரியும்.

டீக்கடையில் பேச்சு பெரிய ஆட்டக்காரர்களைப் பற்றி ஓடியது. ஒரு பம்பாய்க்காரர் மார்புக்கு எழும்பும் பந்தைப் பார்த்தால் சும்மா விடமாட்டார், அதிலேயே அவுட் ஆகிப் போவார் என்றார் மடப்பள்ளிக்காரர். வெள்ளைக்கார டீமில் ஒருவருக்கு சுழல் பந்து என்றால் கால் பின்னிக்கொள்ளும் என்று பேப்பரைத் தட்டிக் காட்டினார். சாயக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"லட்சம் பேர் பாக்க ஆடுறான் அந்த மனுஷன். அவனுக்குக் குறை சொல்றே. உன் பொங்கல்ல உப்பு இல்லன்னு ஊரே பேசிக்கினு இருக்குது."

மெட்ராஸ்காரர் சிரித்தார். உங்கள் ஊர் ஆளுக்கு அப்படி ஒன்றும் கிடையாதா என்று கேட்டார். அவனை அவுட் ஆக்க அம்பயரால்தான் முடியும் என்றார் சாயக்காரர். நான் டம்ளருக்குள் சிரித்தேன். மெட்ராஸ்காரர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க சார். உங்களுக்குத் தெரியும் போல."

அதுவரை என்னை யாரும் சார் என்று சொன்னதில்லை.

"காலை வச்சுட்டான்னா எடுக்க மாட்டான் சார்," என்றேன். "பந்து லேட்டா வந்தா அங்கியே நின்னுக்கினு இருப்பான்."

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போனார். கடைக்காரர் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். சாயக்காரர்தான், "அவன் உன் தம்பிதானபா," என்றார். சும்மா பேச்சுக்குச் சொன்னேன் என்றேன்.

தம்பி வீடு என் வீட்டிலிருந்து நாலாவது வீடு. போய்ச் சொல்லியிருக்கலாம். அந்த ஆளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பான். அதனால் போகவில்லை.

மறுநாள் தம்பி முதல் ஓவரிலேயே இரண்டு பவுண்டரி அடித்தான். மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த ஓவருக்கு வெள்ளை பேண்ட்காரர் வந்தார். இரண்டு பந்து வேகமாகப் போட்டார். மூன்றாவதுக்கும் அதே ஓட்டம், அதே கை வீச்சு. பந்து மட்டும் மெதுவாக வந்தது. தம்பியின் கால் இறங்கிவிட்டது. மட்டை போய் முடிந்த பிறகு பந்து அதில் பட்டது. போட்டவரே பிடித்தார். தம்பி உடனே நகரவில்லை. குனிந்து அந்தக் காலைப் பார்த்தான்.

வேலைக்கு அவனை எடுக்கவில்லை.

ஆட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். நல்ல பந்துபா என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"அவனுக்கு எப்டிண்ணா தெரிஞ்சுது?"

"பெரிய பெரிய ஆளுங்களுக்கே ஒரு குறை இருக்குது. பாத்து வச்சிருப்பான்."

"அவன் என் ஆட்டத்தைப் பாத்ததே இல்லையேண்ணா."

நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

திங்கட்கிழமை காலை தறியில் உட்கார்ந்தோம். அவன் குழியில் கால் வைத்தான். நான் வலப்பக்கம். கொஞ்ச நேரம் எப்போதும் போலவே ஓடியது. பிறகு அவன் மிதித்தான், வாய் திறந்தது, நான் கரை நாடாவைப் போட்டேன். அது பாதி வழி போவதற்குள் அவன் காலை எடுத்தான். பலகை வந்து மோதியது.

அவன் என்னைப் பார்க்கவில்லை. "இழையை முடிஞ்சு வைண்ணா," என்று சொல்லிவிட்டுக் குழியிலிருந்து ஏறி வெளியே போனான்.

அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டேன். மத்தியானம் வரை ஆனது. எண்ணிக்கொண்டேதான் முடிந்தேன்.

முப்பத்தெட்டு.